கரையானை அனுப்பும் என்று ஜெபித்தேன்

என் தங்கை ஞானப்பூவின் கலியாண ஓலை முதல் தடவையாகக் கோயிலில் வாசிக்கப்பட்ட ஞாயிற்றுக்கிழமை, நான் புது வேஷ்டி உடுத்தி முன் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். இந்த விவாகத்துக்குத் தடை ஏதாகிலும் அறிந்தவர்கள் சொல்லலாம் என்று குருவானவர் வாசித்து நிறுத்தினார். வழக்கமாக அந்த இடத்தில் யாராவது இருமுவார்கள். அவ்வளவுதான். அன்றைக்கு எனக்குப் பின்னால் ஒரு கைத்தடி தரையில் தட்டியது.

"ஒரு வார்த்தை ஐயா. எம் மவன் சாமுவேல் கொழும்புல உசிரோட இருக்கான். இந்தப் பிள்ள அவன் பெஞ்சாதி. இன்னொருத்தனுக்கு ஓலை வாசிக்க இங்கன யாருக்கும் உரிமை கிடையாது."

சொன்னவர் வேதமாணிக்கம் மாமா. ஞானப்பூவின் மாமனார். குருவானவர் புத்தகத்தை மூடினார். சபை முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. புது வேஷ்டியோடு பூமிக்குள் இறங்க வழியுண்டா என்று பார்த்தேன். சிமிட்டித் தரை. வழியில்லை.

பிரியமானவர்களே, சபையில் சாட்சி கேட்கிறவர்கள் அழுவது வழக்கம். என் சாட்சிக்குச் சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம். கோர்ட்டிலேயே சிரித்தார்கள். ஆனால் முடிவுவரை கேளுங்கள். நான் கேட்ட ஜெபத்தை ஆண்டவர் தள்ளிவிட்டு, கேட்கத் தெரியாத ஒன்றுக்குப் பதில் கொடுத்த கதை இது.

யுத்தத்துக்கு முன்பே ஞானப்பூவைச் சாமுவேலுக்குக் கட்டிக்கொடுத்தோம். அவன் கொழும்பில் புறக்கோட்டையில் வியாபாரம் செய்தான். அவளையும் கூட்டிப்போனான். இரண்டு வருஷம் நன்றாக இருந்தான். பிறகு வேறொரு பெண்ணோடு குடித்தனம் போட்டு, இவளை ஒரு வாடகை அறையில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கேயுள்ள தமிழ்ச் சபையார் இவளைத் தாங்கினார்கள். கடைசியில் கொழும்புக் கோர்ட்டில் மனுப்போட்டாள். அவனுக்குச் சம்மன் போயிற்று. அவன் வரவில்லை. மனைவியைக் கைவிட்டான் என்று சொல்லி கோர்ட் விவாகரத்து கொடுத்தது. ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டபோது, ஒரு தகரப் பெட்டியோடு என் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். பெட்டியில் சேலை மடிப்புக்குள் அந்தத் தீர்ப்பு.

இனித்தான் என் திருவிளையாடல்.

அவள் வந்த முதல் ஞாயிறு, கோயில் வாசலில் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். "ஏளா, ஒம் மாப்பிள்ள எப்ப வாராவ?" அவள் தலை குனிந்தாள். ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. யாரும் பேசாத இடத்தில் என் வாய் தானே திறந்துவிடும். "அடுத்த கப்பல்ல வாராரு. சாமான் கூடிப்போச்சு, கப்பல் தாங்கலியாம்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சந்தோஷம்.

எங்கள் சபையில் ஸ்தோத்திரக் காணிக்கை போடுகிறவர்கள் எதற்காகப் போடுகிறோம் என்று ஒரு சீட்டு எழுதி வைப்பார்கள். உபதேசியார் அதைப் பிரசங்கத்துக்கு முன் சத்தமாக வாசிப்பார். சொன்ன பொய்யைக் காப்பாற்ற வேண்டுமே. அந்தக் கிறிஸ்துமஸுக்கு நானும் ஒரு சீட்டு எழுதினேன். "கொழும்பிலிருக்கும் மைத்துனர் சாமுவேல் சீக்கிரம் ஊர் திரும்பவிருப்பதற்காக ஸ்தோத்திரம்." மறு வருஷமும் எழுதினேன். நாலு வருஷம் எழுதினேன். நான் கப்பல் ஏஜெண்டு ஆபீஸில் பிரயாணிகளின் பெயர் எழுதும் குமாஸ்தா. ஆகையால் சபை நம்பியது. அவன் வராததற்கு யுத்தம் நல்ல சாக்கு. கப்பல் குறைவு, கடலில் கண்ணிவெடி என்று சொல்லிச் சமாளித்தேன். ஜப்பான்காரன் சரணடைந்தபோது ஊரெல்லாம் மகிழ்ந்தது. நான் மட்டும் ஒரு நல்ல சாக்கை இழந்தேன்.

அந்த வேளையில்தான் மனைவியை இழந்த மாசிலாமணி வாத்தியார் ஞானப்பூவைக் கேட்டார். அவள் முதல் நாளே தன் கதை முழுவதையும் அவரிடம் சொல்லிவிட்டாள். எங்கள் குடும்பத்தில் உண்மை பேசுகிற பாகம் அவளுக்கு வந்தது. குற்றமற்றவள் என்று கண்டு, குருவானவருக்கு மேலான அத்தியட்சரும் அனுமதி கொடுத்தார். ஓலை வாசித்த பிறகு சபையாருக்கு மெள்ளச் சொல்லிக்கொள்ளலாம் என்பது என் ஏற்பாடு. போன கிறிஸ்துமஸுக்கு வரவேண்டிய மனுஷன் மனைவிக்கு இந்த ஆவணியில் ஓலை வாசித்தால், மெள்ளச் சொல்ல நேரம் எங்கே?

"இந்த ஊர்க் கோர்ட் அந்தத் தீர்ப்பை ஒப்புக்கொள்ளட்டும். அதன் பிறகு வாசிக்கிறேன்" என்றார் குருவானவர்.

மாமா மேல் வழக்குப் போட்டோம். எங்கள் வக்கீல் விஷயத்தை விளக்கினார். "கொழும்புத் தீர்ப்பு ஒழுங்காத்தான் இருக்கு. ஆனா அது இங்க செல்லணும்னா, சாமுவேல் கொழும்பையே தன் நிரந்தர ஊரா ஆக்கிக்கிட்டார்னு ரூபிக்கணும். பிழைக்கப் போனவர், திரும்பி வர எண்ணம் உள்ளவர்னு ஆயிட்டா, இவங்களைப் பிரிக்க அந்தக் கோர்ட்டுக்கு அதிகாரமில்லைன்னு தள்ளிருவாங்க. திரும்பி வாரேன்னு அவர் யார்கிட்டயாவது சொன்னதுண்டா?"

"கிடையாது சார்" என்றேன். அது உண்மைதான். அவன் சொன்னதில்லை. சொன்னதெல்லாம் நான்.

தோற்றால் ஞானப்பூ சாகும்வரை சாமுவேலின் மனைவி. மீறிக் கலியாணம் செய்தால் அவளுக்கு ஜெயில். வாத்தியார் காத்திருப்பதாகச் சொன்னார். ஆனால் அவருடைய அக்காள் மெஞ்ஞானபுரம் பக்கம் வேறு பெண் பார்க்கக் கிளம்பிவிட்டாள்.

எங்கள் உபதேசியார் எதையும் தூர எறியாதவர். வாசித்த சீட்டுகளையெல்லாம் ஒரு கம்பியில் குத்தி அலமாரியில் தொங்கவிட்டிருந்தார். அந்தக் கம்பியை நினைக்க நினைக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. சரி, இறங்காத சோற்றை உபவாசம் என்று கணக்கு வைத்துக்கொண்டு ஜெபித்தேன். "ஆண்டவரே, என் இடது செருப்பைத் தின்ற கரையானை அந்த அலமாரிக்கு அனுப்பும்." நாள் தவறாமல் ஊக்கமாக ஜெபித்தேன். அவ்வளவு பக்தி எனக்கு அதற்கு முன் வந்ததில்லை. ஒரு மத்தியானம், ஜெபம் கேட்கப்பட்டதா என்று பார்க்கக் கோயில் அறைக்குள் போனேன். அலமாரியைத் திறந்தேன். சீட்டுகள் புத்தம் புதிதாக இருந்தன. கை நீண்டது. பின்னால் உபதேசியார்.

"என்னலே தேடுத?"

"கரையான் இருக்கான்னு பாக்கேன் அண்ணாச்சி."

"அதெல்லாம் வராது. மாசாமாசம் வேப்பெண்ணெய் தடவுதேன்."

மறு வாரம் அந்தக் கம்பியைக் கொண்டுவரும்படி உபதேசியாருக்குக் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. மாமாவின் வக்கீல் கேட்டு வாங்கியது. அப்போதுதான் எங்கள் வக்கீலிடம் வாய் திறந்தேன். அவர் பேனாவை மூடி வைத்தார். "எதிர்க்கட்சிக்கு உம்மைப்போல ஒரு சாட்சி காசு கொடுத்தாலும் கிடைக்காதுவே" என்றார்.

வீட்டுக்கு வந்தேன். ஞானப்பூ முற்றத்தில் சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கொட்டினேன். ஒனக்காகத்தானே எழுதினேன் ஏளா என்று முடித்தேன். அவள் நிமிரவில்லை.

"நான் எழுதச் சொன்னேனா அண்ணே? நாலு வருசமா அந்தச் சீட்ட வாசிக்கையில நான் கோயில்ல தலையக் குனிஞ்சிக்கிட்டு இருந்தேன். ஜெபம் பண்ணுதான்னு நெனச்சியா?"

அப்படித்தான் நினைத்திருந்தேன். என் முகத்தில் எழுதியிருந்தது போலும்.

"ஜெயிக்கணும்னு கேக்காத. ஒன் வாயில ஒரு நாளாவது உள்ளது வரணும்னு கேளு."

அங்கேயே, மீன் செதிளுக்கு நடுவில் முழங்காலிட்டேன். எனக்கு ஜெபிக்க வரவில்லை. ஆண்டவரே, நான் பொய்யன், என் தங்கையைக் காப்பாற்றும் என்று மட்டும் சொன்னேன். கரையானைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

வழக்கு நாள் வந்தது. கூண்டில் ஏறிச் சத்தியம் செய்தேன். எதிர்க்கட்சி வக்கீல் கம்பியிலிருந்து நாலு சீட்டுகளை உருவி என் கையில் கொடுத்தார்.

"உம்முடைய கையெழுத்தா?"

"ஆமாம்."

"உரக்க வாசியும்."

வாசித்தேன். மூன்றாவது சீட்டில், "கப்பலில் இடம் கிடைத்தமைக்காக ஸ்தோத்திரம்" என்று எழுதியிருந்தேன். எனக்கே மறந்துபோயிருந்தது. கோர்ட்டில் சிரித்தார்கள்.

"ஊர் திரும்பும் எண்ணம் இல்லாதவருக்குக் கப்பலில் இடம் எதற்கு?" என்றார் வக்கீல்.

இதற்கு மூன்று பதில்கள் என் நாக்கில் தயாராக நின்றன. மூன்றும் நல்ல வேடிக்கை. ஞானப்பூ பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இந்தத் தடவை அவள் தலை குனியவில்லை. நேராக என்னைப் பார்த்தாள். மூன்று பதில்களும் போய்விட்டன. முத்துக் குளிக்கப்போனவன் கயிற்றை விட்டதுபோல் இருந்தது.

"நான் எழுதினதெல்லாம் பொய்" என்றேன்.

ஜட்ஜ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "கோயிலில் சொன்னது பொய்யா, இங்கே சொல்வது பொய்யா?"

"கோயிலில் சொன்னதுதான் ஐயா. சாமுவேல் எனக்கு ஒரு வரிகூட எழுதினதில்லை. வருவதாக யாரிடமும் நான் கேள்விப்படவுமில்லை. என் தங்கைக்கு அவமானம் வேண்டாம் என்று நானாக எழுதினேன். அவள் கேட்கவில்லை."

"பொய்யன் என்று தானே ஒப்புக்கொண்டவன் பேச்சை எப்படி நம்புவது?" என்றார் எதிர்க்கட்சி வக்கீல். கேள்வி நியாயமானது. எங்கள் வக்கீல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது பெஞ்சிலிருந்து மாமா எழுந்தார். சேவகன் உட்காரச் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை.

"ஏலே ஏசுவடியான், அவன் சொல்லி எழுதலியா? எல்லாம் நீயா எழுதினதா?"

"நானா எழுதினதுதான் மாமா."

அவர் மெள்ள உட்கார்ந்தார். அந்த முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. நாலு வருஷமும் டிசம்பர் மாதம் கப்பல் வரும்போதெல்லாம் இந்தக் கிழவர் ஜெட்டிக்கு வருவார். "லிஸ்ட்ல பேரு இருக்காலே?" என்பார். "இதுல இல்ல மாமா, அடுத்ததுல பாப்பம்" என்று சிரித்து அனுப்புவேன். எங்களைக் கெடுக்கவே ஓலைக்குத் தடை சொன்னார் என்று எண்ணி அவரை எத்தனை பேரிடம் ஏசியிருப்பேன். அவர் தன் மகனின் மனைவியை, வரப்போகிற மகனுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். வரப்போகிறான் என்று சொன்னவன் நான்.

மத்தியான இடைவேளைக்குக் கோர்ட் கலைந்தது. மாமா வெயிலில் கைத்தடியை ஊன்றித் தனியாகத் தம் வீட்டை நோக்கி நடந்தார். திரும்பி வந்து கூண்டில் ஏறியதும், தம் வக்கீல் கேள்வி கேட்குமுன் மடியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து ஜட்ஜுக்கு நீட்டினார். அவர் வக்கீலே அதைப் பார்த்ததில்லை என்பது அவர் முழித்ததில் தெரிந்தது.

கொழும்பிலிருந்து சாமுவேல் தகப்பனுக்கு எழுதிய கடிதம். விவாகரத்துக்கு ஒரு வருஷம் முந்தியது. இங்கேயே வீடு கட்டிவிட்டேன், இனி இதுதான் என் ஊர், என்னை எதிர்பார்க்க வேண்டாம் என்று எழுதியிருந்தான்.

"இதை ஏன் இத்தனை நாள் காட்டவில்லை?" என்றார் ஜட்ஜ்.

"கோவத்துல எழுதிட்டான், மனசு மாறிட்டான்னு நெனச்சேன் ஐயா. பொறவுதான கோயில்ல சீட்டு வாசிச்சாவ. எம் மவன் கடுதாசிய நம்பாம அந்தச் சீட்ட நம்பினேன்." கொஞ்சம் நிறுத்தி, "இந்தப் பிள்ளய இனி அலைக்கழிக்க வேண்டாம்" என்றார்.

கோர்ட்டில் யாரும் சிரிக்கவில்லை.

ஐப்பசி கடைசியில் தீர்ப்பு வந்தது. சாமுவேல் கொழும்பையே தன் நிரந்தர ஊராக்கிக்கொண்டான். முறையாகச் சம்மன் பெற்றும் ஆஜராகவில்லை. ஆகையால் அந்த விவாகரத்து இங்கேயும் செல்லும். ஞானப்பூ அந்தக் காகிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு, அடுப்பில் குழம்பு கொதிக்கிறது என்று உள்ளே போய்விட்டாள். அங்கே அழுதாள் என்று நினைக்கிறேன். நான் போய்ப் பார்க்கவில்லை. பேசாமல் இருக்க அப்போதுதான் பழகிக்கொண்டிருந்தேன்.

மூன்று ஞாயிறும் ஓலை வாசித்தார்கள். முதல் ஞாயிறு, வாசிக்குமுன் நான் சபைக்கு முன்னால் நின்று என் பொய்யை அறிக்கை செய்தேன். தை மாதம் கலியாணம். மாமா வந்தார், சாப்பிட்டார். மன்னிக்க வேண்டும் என்று அவர் கையைப் பிடித்தேன். "அத இன்னொரு நாள் பாப்பம்லே. பாயசம் நல்லாருக்கு" என்றார்.

மறு வாரம் என் ஆபீஸுக்கு வந்து, கொழும்புக்கு ஒரு டிக்கெட் கேட்டார்.

"யாருக்கு மாமா?"

"எனக்குத்தான். வாரான் வாரான்னு இங்கன உக்காந்து வருசம் போச்சு. வரமாட்டான்னு தெரிஞ்ச பொறவு நாமதான போகணும்."

போனார். இரண்டு மாதம் இருந்து வந்தார். மகனை வேண்டியமட்டும் வைதாராம். பேரன் இரண்டு பேர், ஒருவனுக்குத் தம் மூக்கு என்று என்னிடம் சொன்னார். சிரித்தார். மன்னிப்புக்கு அவர் சொன்ன அந்த இன்னொரு நாள் அதுதான் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

பிரியமானவர்களே, ஆண்டவர் கரையானை அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் சீட்டுகள் போயிருக்கும். மாமா தம் நம்பிக்கையை விடாமல், அந்தக் கடிதத்தைக் கடைசிவரை பெட்டிக்குள்ளேயே வைத்திருப்பார். என் தங்கை தோற்றிருப்பாள். நான் கெட்டிக்காரன் என்று எண்ணிக்கொண்டே செத்திருப்பேன். மீன் செதிளுக்கு நடுவில் சொன்ன ஒரு வரி ஜெபத்துக்கு அவர் இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்துப் பதில் கொடுத்தார்.

நான் இன்றைக்கும் வேடிக்கை பேசுகிறவன்தான். அந்தக் குணத்தை எடுத்துப்போடும் என்று நான் கேட்கவுமில்லை, அவர் எடுக்கவுமில்லை. முழங்காலில் நிற்கும்போது மட்டும் பேசுவதில்லை. உங்களுக்கும் ஏதோ ஒரு காரியம் நெஞ்சை அழுத்தும். எப்படி முடிக்க வேண்டும் என்று அவருக்குத் திட்டம் எழுதிக் கொடுக்காதீர்கள். நடந்ததை நடந்தபடி சொல்லி, அவர் கையில் விட்டுவிடுங்கள். தைரியமாக விடலாம். நமக்கு முன்னமே விஷயம் தெரிந்தவர், தெரிந்தும் நம்மைத் தள்ளாதவர்.