உருகும் ஜெல்லி, உருகாத ஜெல்லி

ஜெல்லிதான் நடுங்க வேண்டும்; செய்கிறவன் கை நடுங்கக்கூடாது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருந்த என் வீட்டில் பதினோரு வருஷம் ஜெல்லி செய்து கொடுத்தேன். வெள்ளைக்காரத் துரைமார் பங்களாக்களுக்கு ஒயின் ஜெல்லி, நம் ஆட்களின் விசேஷங்களுக்குப் பழ ஜெல்லி. வீட்டில் செய்து பார்த்து, உறையாத கிண்ணத்தை வெறித்தபடி நின்றவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

பச்சை அன்னாசி

முதல் கிறிஸ்துமஸுக்குப் பங்களாவிலிருந்து பதினாறு கிண்ணம் கேட்டார்கள். அன்னாசி நன்றாகப் பழுத்திருந்தது. வேகவைக்காமல் அப்படியே நறுக்கி ஜெலட்டினில் போட்டேன். வேகாத அன்னாசி சேர்ந்தால் ஜெலட்டின் உறையாது என்பது எனக்குத் தெரியாது. ஐஸ் கட்டிகளுக்கு நடுவே ஆறு மணி நேரம் வைத்தும் பதினாறும் தண்ணீராகவே இருந்தன. எடுத்துப்போக வந்த பட்லர் மாணிக்கம் ஒரு கிண்ணத்தைச் சாய்த்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏண்ணே, தொரைக்குக் கரண்டி வைக்கவா, கிளாஸ் வைக்கவா?"

கொதியில் ஒயின்

அடுத்த முறை பழத்தைப் பத்து நிமிஷம் கொதிக்கவிட்டேன். இனி உறைந்துவிடும் என்ற சந்தோஷத்தில் போர்ட் ஒயினையும் கொதியிலேயே ஊற்றினேன். மணம் முழுக்க ஆவியோடு போனது. ஜெல்லியில் நிறம் மட்டும் மிஞ்சியது. அன்று முதல், சட்டியை இறக்கி முந்நூறு எண்ணிய பிறகே ஒயின் ஊற்றுவது என்று வைத்துக்கொண்டேன். அன்றைக்கு என் மனைவி எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டுச் சொன்னாள்: "ஜெல்லிக்கு ஊத்தினீங்களா, இல்ல வீட்டுக்கே ஊத்தினீங்களா?"

கறுப்பு நூல்

பொன்னம்மா அக்கா யாழ்ப்பாணத்துக்காரர், ரயில்வே கிளார்க்கின் மனைவி, சுத்த சைவம். மகளின் நிச்சயதார்த்தத்துக்கு ஒரு தட்டு கேட்டிருந்தார். ஜெலட்டின் எலும்பிலிருந்து எடுப்பது. அதனால் சைவ வீடுகளுக்குக் கடல்பாசியில், அதாவது அகர் அகரில்தான் செய்வேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அந்த வாக்கை நம்பித்தான் அந்தக் குவார்ட்டர்ஸ் வரிசையில் ஒன்பது வீடுகள் என்னிடம் வாங்கின.

அதே நாளில் பங்களாவுக்கும் ஒரு தட்டு ஒயின் ஜெல்லி. இரண்டும் சிவப்பு. சைவத் தட்டின் பிடியில் கறுப்பு நூல் கட்டி இடது பக்கம் வைப்பது வழக்கம். மாணிக்கம் வந்து வலது பக்கத் தட்டை எடுத்துப்போனார். நான் இடது பக்கத் தட்டை, பிடிவரை மூடிய ஈரத்துணியோடு, பொன்னம்மா அக்கா வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். மூன்று நாளாகச் சளி. ஒயின் வாசனையெல்லாம் என் மூக்குக்கு எட்டாது.

திரும்பி வந்து ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் சமையலறைத் தரையில் கறுப்பு நூல் கிடந்தது. மனைவியைக் கேட்டேன். "ஐஸ் போடத் தட்டை நகர்த்தினேன். திருப்பி எந்தப் பக்கம் வச்சேன்னு நினைப்பில்லையே," என்றாள்.

அக்கா வீட்டுக்கு நானூற்றுப் பன்னிரண்டு அடி. எண்ணிக்கொண்டே ஓடினேன். பின்வாசலில் போய் நின்றேன். உச்சி வெயில், உள்ளே மாப்பிள்ளை வீட்டார் பேசிச் சிரிக்கும் சத்தம். என்னைப் பார்த்துவிட்டு அக்காவே வந்தார்.

"என்ன வெளியில நிக்கிறியள்? உள்ளுக்கு வாங்கோ."

"அக்கா, அந்த ஜெல்லி..."

"அதுக்கென்ன? ஒரு மணித்தியாலமா இந்த வெக்கைக்குள்ள இருக்குது, ஒரு துளி உருகேல்லை. இனித்தான் வெட்டப் போறம்."

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். ஜெலட்டினாக இருந்தால் அந்தச் சூட்டில் எப்போதோ தண்ணீராகியிருக்கும். உருகாமல் நிற்பது அகர் அகர்தான். மூச்சு வந்ததும் நூல் விழுந்த கதையை ஒன்றுவிடாமல் சொன்னேன். அக்கா திரும்பித் தட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: "உருகியிருந்தாலும் இதைச் சொல்லியிருப்பியளோ?"

சொல்லியிருப்பேன் என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன், ஆனாலும் அந்தக் கேள்வி மறுபடி வராமல் இருக்க அன்றிலிருந்து சைவத் தட்டுக்கு மூன்று நூல் கட்டினேன்.