டெண்டர் சீட்டுப் பிரமிளா

டெண்டர் சீட்டில் உட்கார அந்த ஆபீசில் யாரும் தயாராக இல்லாததால்தான் அது பிரமிளாவிடம் வந்தது. ஆந்திராவில் தமிழ்நாட்டு எல்லையோரம், புத்தூருக்குக் கிழக்கே ஒரு மண்டலப் பரிஷத் ஆபீஸ் அது. எந்த மண்டலம் என்பது இங்கே வேண்டாம். ஆடிட்காரர்கள் வந்தால் முதலில் கேட்பது டெண்டர் ஃபைலைத்தான். அதனால் ஒருவருக்கு முதுகுவலி வந்தது, இன்னொருவருக்குப் பார்வை மங்கியது, மூன்றாமவர் ஓய்வூதிய வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். 1995இல் அந்த நாற்காலி காலியாகவே இருந்தபோது, "நம்ம பிரமிளாம்மா தெலுங்கு நல்லா எழுதுவாங்க" என்று அதிகாரி சொன்னார். அதோடு முடிந்தது.

நல்ல தெலுங்குதான். பிறந்த ஊரான பாலசமுத்திரத்தில் வீட்டில் பேசியது தமிழ். அவள் பிறந்த காலத்தில் குடும்பத்துக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. நைனாவும் அம்மாவும் ஊரார் வயலில் கூலிக்குப் போனார்கள். பள்ளியில் தெலுங்கு வாத்தியாரிடம் அடி வாங்கிப் படித்ததால், எழுத்துப்பிழை என்றால் இன்றும் அவளுக்கு உள்ளங்கை கூசும். பரீட்சை எழுதி இருபத்து நாலு வயதில் குமாஸ்தாவானாள். புருஷன் வேணு சென்னைப் பக்கம் ஒரு கார் பாகங்கள் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்தான். அந்தக் காலத்தில் எல்லையோர ஊர்களில் பாதி ஆண்கள் அப்படித்தான், சனிக்கிழமை பஸ்ஸில் வந்து திங்கள் விடியும்முன் போய்விடுவார்கள்.

டெண்டர் சீட்டின் வேலை கேட்பதற்குச் சுலபம். பள்ளிக்கூடத்துக்கு டெஸ்க், கைப்பம்புக்குக் குழாய், ஹாஸ்டலுக்குப் பாய், எது வாங்குவதானாலும் நோட்டீஸ் ஒட்ட வேண்டும். வியாபாரிகள் விலையை எழுதி, கவரை மூடி, ஆபீசிலுள்ள தகரப் பெட்டியில் போடுவார்கள். குறித்த நாளில் மூன்று மணிக்குப் பெட்டியைப் பூட்டி அரக்கு வைக்க வேண்டும். மூன்றரைக்கு எல்லோர் முன்பும் பிரித்து, குறைந்த விலை கேட்டவருக்குக் கொடுக்க வேண்டும். பிரமிளா ஒரு நிமிடம் முன்னாலும் பூட்டியதில்லை, ஒரு நிமிடம் பின்னாலும் பூட்டியதில்லை. அது அவளுக்குப் பெருமையாகவும் இருந்தது.

தொண்ணூற்றேழு ஜூனில் பள்ளிகளுக்கு இருநூற்று நாற்பது இரும்பு டெஸ்க் வாங்க நோட்டீஸ் வந்தது. பெட்டி பூட்டும் நாளுக்கு முந்தின நாள் டெண்டர் படிவம் வாங்க ஒருவன் வந்தான். முப்பது வயதிருக்கும். கையெல்லாம் வெல்டிங் பொறி பட்ட கருப்புப் புள்ளிகள். பெயர் புருஷோத்தமன், நாராயணவனம் ரோட்டில் பட்டறை. அம்பத்தூரில் எட்டு வருஷம் வெல்டராக இருந்துவிட்டுத் திரும்பியவன்.

"மேடம், பைப்பு பதினாறு கேஜா பதினெட்டு கேஜா? இதுல போடலியே."

இரண்டு வருஷத்தில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. பிரமிளா ஃபைலைப் புரட்டிப் பார்த்து, "பதினாறு" என்றாள்.

"அப்ப சரி. பதினாறுன்னா கனமான பைப்பு, பசங்க ஏறிக் குதிச்சாலும் தாங்கும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் மதியமே ஆபீஸ் வாசலில் வழக்கமான காண்ட்ராக்டர்கள் வந்துவிட்டார்கள். அவர்களுக்குத் தலைவன் மாதிரி கோவர்த்தனன். சிரித்த முகம், யாரையும் அக்கா, அண்ணா என்று கூப்பிடுகிற வாய். சொந்தப் பட்டறை எதுவும் கிடையாது, சென்னையிலிருந்து சரக்கு இறக்குவான். அவர்கள் முன்கூட்டியே கூடிப் பேசி, இந்த முறை யாருக்கு, என்ன விலை என்று தீர்த்துக்கொண்டுதான் கவர் போடுவார்கள். ரிங்கு என்று அதற்குப் பெயர். ஆபீசில் எல்லோருக்கும் தெரியும், ஃபைலில் மட்டும் இருக்காது.

இரண்டே முக்காலுக்குப் பிரமிளா ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, கேட்டருகே ஐந்தாறு பேர் யாரையோ சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். நடுவில் இருந்தவன் முகம் தெரியவில்லை. ஏதோ பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு அரக்கைச் சூடாக்கினாள். மணி மூன்று அடித்தது. பூட்டினாள்.

மூன்று ஆறுக்குப் புருஷோத்தமன் உள்ளே வந்தான். சட்டையில் இரண்டு பொத்தான் இல்லை. கையில் கசங்கிய கவர்.

"ரெண்டரைக்கே வந்துட்டேன் மேடம். கேட்லயே புட்ச்சி நிக்க வெச்சிக்கினாங்க."

"மூணு மணிக்கு மேல வாங்க முடியாதுங்க."

"நீங்க ஜன்னல்ல நின்னுக்கினு பாத்தீங்களே?"

அவன் கத்தவில்லை, சண்டைக்கும் வரவில்லை. பிரமிளா குனிந்து ரிஜிஸ்டரில் எழுதத் தொடங்கினாள். கவரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அவன் போய்விட்டான்.

டெஸ்க்குகளைக் கோவர்த்தனன் கூட்டத்தில் ஒருவன் சப்ளை செய்தான். நவம்பரில் ஒரு பள்ளிக்குச் சரக்கு சரிபார்க்கப் போனபோது, பாதி டெஸ்க்குகள் ஒல்லிக் கால்களை அகட்டிக்கொண்டு சுவரோரம் கிடந்தன. பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். தலைமையாசிரியை ஒன்றும் குறை சொல்லவில்லை. டீ வாங்கிவரச் சொன்னாள். பிரமிளாவுக்கு அந்த டீ இறங்கவில்லை. நான் என்ன தப்பு செய்தேன் என்று பஸ்ஸில் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு வந்தாள். விதிப்படி ஒன்றுமில்லை. ஆனால் ஜன்னலில் நின்றது அவள்தான்.

அதன்பிறகு மதிய இடைவேளைகளில் அலமாரியில் கிடந்த பழைய விதிப்புத்தகத்தைப் படிக்க ஆரம்பித்தாள். ஒரு பக்கத்தில் ஒற்றை வரி இருந்தது: டெண்டர்களைப் பதிவுத் தபாலிலும் அனுப்பலாம். மண்டலம் வருமுன் இருந்த பஞ்சாயத்து சமிதி காலத்துப் பழைய நோட்டீஸ்களைத் தூசி தட்டி எடுத்தாள். அவற்றில் அந்த வரி இருந்தது. எழுபத்தொன்பதில் யாரோ காப்பி எடுக்கும்போது விட்டிருக்கிறார்கள். அடுத்தவர்கள் அதைப் பார்த்தே காப்பி எடுத்திருக்கிறார்கள். பதினெட்டு வருஷம்.

தொண்ணூற்றெட்டில் மறுபடி டெஸ்க் டெண்டர் வந்தபோது, நோட்டீசில் அந்த வரியைச் சேர்த்து அதிகாரியின் மேஜையில் வைத்தாள். பைப் கேஜையும் எழுதியிருந்தாள். அதிகாரிக்கு ஓய்வு பெற இரண்டு வருஷம்.

"இதென்னம்மா புதுசா?"

"புதுசு இல்ல சார், பழசுதான். நடுவுல விட்டுப் போச்சு." விதிப்புத்தகத்தைத் திறந்து காட்டினாள்.

அவர் இரண்டு தடவை படித்தார். "ரூல்ல இருக்கறதத்தானே போட்டிருக்கே" என்று தனக்கே சொல்லிக்கொள்வதுபோலச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

நோட்டீஸ் ஒட்டிய மூன்றாம் நாள் கோவர்த்தனன் வந்து எதிரில் உட்கார்ந்தான்.

"இன்னாக்கா, தபால் எல்லாம் வருதாமே? வழியில தொலஞ்சா யார் பொறுப்பு?"

"ரிஜிஸ்டர் தபாலுக்கு ரசீது இருக்குதுங்க."

"சரிதான்." சிரித்தான். "உங்க வூட்டுக்காரர் வாரத்துக்கு ஒருவாட்டிதானே வர்றாரு? கொழந்தைங்களோட ஒண்டியா இருக்கீங்க. எதுக்கு வம்புன்னுதான் சொல்றேன்."

அவன் போனதும் அட்டெண்டர் ஏகாம்பரம் கேட்காமலே தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை வேணுவிடம் சொன்னாள். அவன் சோற்றில் கை வைத்தபடியே கேட்டான்.

"உனக்கு எதுக்கு இது? லீவ் போட்டுடு."

"லீவ் போட்டா அந்தப் பொட்டிய வேற ஒருத்தர் பூட்டுவாரு."

வேணு சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போனான். ஆனால் டெண்டர் நாளன்று காலை பத்து மணிக்கு, தொழிற்சாலையின் நீலச் சட்டையோடு ஆபீசுக்கே வந்து நின்றான். சம்பளமில்லாத லீவ். அவள் மேஜைக்கு எதிரே இருந்த பெஞ்சில் பேப்பரை விரித்து உட்கார்ந்தவன், சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை. ஒரே பேப்பரை நாலு தடவை படித்திருப்பான்.

பதினொன்றரைக்குத் தபால்காரர் நாலு பதிவுக் கவர்களைக் கொண்டுவந்தார். ஒன்றில் நாராயணவனம் முத்திரை, ஒன்றில் சந்திரகிரி, ஒன்றில் திருப்பதி, இன்னொன்று வேலூரிலிருந்தே வந்திருந்தது. பிரமிளா நம்பர்களை உரக்கப் படித்து ரிஜிஸ்டரில் எழுதினாள். ஏகாம்பரத்தைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்லி, எல்லோர் கண்ணெதிரிலும் பெட்டியில் போட்டாள். வாசலில் நின்றவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

பிறகு நடந்ததை ஏகாம்பரம் பல வருஷம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். உள்ளே போன நாலு கவரில் என்ன விலை இருக்கிறதென்று வெளியே யாருக்கும் தெரியாது. பேசி வைத்த விலையைப் போட்டால் தோற்பது நிச்சயம். ரிங்கில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் ஒருவன் டீக்கடைப் பக்கம் நழுவி, தன் கவரைக் கிழித்து வேறு விலை எழுதினான். அதைப் பார்த்த இன்னொருவன் ஸ்கூட்டர் சீட்டின்மேல் வைத்து எழுதினான். கோவர்த்தனன் நூலகக் கட்டிடத்தின் பின்னால் நின்று, முழங்கையால் மறைத்துக்கொண்டு எழுதினான். மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் ஆளுக்கொரு கவராக அவசர அவசரமாகப் பெட்டியில் விழுந்தது.

மூன்றரைக்குப் பிரித்தார்கள். புருஷோத்தமனும் வந்திருந்தான். இந்த முறை கேட்டில் அவனை நிறுத்த யாருக்கும் நேரமில்லை. மொத்தம் ஏழு கவர். எல்லாவற்றிலும் குறைந்த விலை கோவர்த்தனனுடையது, போன வருஷத்து விலையில் மூன்றில் இரண்டு பங்குதான். புருஷோத்தமன் இரண்டாவது.

பிரமிளா விலைகளை இன்னொரு முறை சரிபார்த்தாள். இத்தனை செய்தும் கடைசியில் கோவர்த்தனனுக்கேதான் போயிற்று. ஆனால் விதி விதிதான். கோவர்த்தனன் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதினாள். வெளியே போகும்போது புருஷோத்தமன் மேஜையருகே நின்றான்.

"தோத்துட்டேன் மேடம்."

"தெரியுதுங்க."

"பரவால்ல. போன வாட்டி தோக்கவே வுடலியே." உண்மையாகவே சிரித்தான்.

பத்து நாள் கழித்துச் சேதி வந்தது. கோவர்த்தனன் எழுதிய விலைக்குச் சென்னையில் யாரும் பதினாறு கேஜில் டெஸ்க் தர மாட்டார்களாம். நோட்டீசில் கேஜ் எழுதியிருப்பதால் ஒல்லிப் பைப்பும் போட முடியாது. விட்டுவிட்டால் கட்டிய டெபாசிட் போய்விடும். வேறு வழியில்லாமல் அவன் நாராயணவனம் ரோட்டுப் பட்டறை வாசலில் போய் நின்றிருக்கிறான். புருஷோத்தமன் தான் டெண்டரில் கேட்ட விலையில் பாதியை முன்னதாகவே எண்ணி வாங்கிக்கொண்டுதான் வெல்டிங்கைத் தொடங்கினானாம். டெஸ்க்குகள் ஆகஸ்டில் வந்தன. இன்ஜினியர் கேஜ் வைத்துப் பார்த்து ஒன்றைக்கூடத் திருப்பி அனுப்பவில்லை. பிரமிளா ஒன்றில் உட்கார்ந்து பார்த்தாள். யாரும் கவனிக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு லேசாக ஆட்டியும் பார்த்தாள். அது அசையவில்லை.

அக்டோபரில் மாற்றல் உத்தரவு வந்தது. மாவட்டத்தின் மேற்குக் கோடி, மதனபள்ளிக்கும் அப்பால். யார் சொல்லி வந்தது என்று அவள் கேட்கவில்லை. பெரியவள் ஐந்தாம் வகுப்பு, சின்னவன் இரண்டாவது. தமிழே காதில் விழாத ஊரில் வாடகை வீடு பிடித்தாள். வேணு இனி வாரம் ஒருமுறை வர முடியாது, மாதம் ஒருமுறைதான். ஆறு வருஷம் அப்படிப் போயிற்று. அழுததும் உண்டு. அந்த வரியைச் சேர்த்தது மட்டும் தப்பென்று ஒருநாளும் அவளுக்குத் தோன்றவில்லை.

2004இல் அவளைச் சந்திரகிரிக்கு மாற்றினார்கள். வேணுவுக்கும் ரேணிகுண்டாப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. கல்யாணமாகிப் பதினாறு வருஷம் கழித்து அவர்கள் முதன்முறையாக ஒரே வீட்டில் தினமும் சாப்பிட்டார்கள். அதே வருஷம் பெரிய டெண்டர்கள் கம்ப்யூட்டருக்கு மாறத் தொடங்கின. திருப்பதியில் பயிற்சி வகுப்பு. இருபத்தைந்து வயதுப் பெண்ணொருத்தி மௌசைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தாள். இனி யாரும் ஆபீஸ் வாசலுக்கே வர வேண்டாம், வீட்டிலிருந்தே விலை போடலாம் என்றாள்.

பிரமிளா எழுந்து, "கம்ப்யூட்டர் தெரியாத பட்டறைக்காரங்க இன்னா செய்வாங்க?" என்று கேட்டாள். வகுப்பில் சிலர் சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. "தெரியல மேடம், நீங்கதான் சொல்லணும்" என்றாள்.

மேலிடத்துக்கு மூன்று கடிதம் எழுதிய பிறகு ஒரு சனிக்கிழமைக்கு அனுமதி கிடைத்தது. சிறு சப்ளையர்களுக்கு இலவச வகுப்பு என்று பஸ் ஸ்டாண்டிலும் வெல்டிங் கடைகளிலும் ஏகப்பட்ட நோட்டீஸ் ஒட்டச் சொன்னாள். வந்தது பதினோரு பேர். நாலு வெல்டர்கள், இரண்டு தச்சர்கள், யூனிபார்ம் தைக்கும் மகளிர் சங்கத்திலிருந்து மூன்று பெண்கள், இன்னும் இரண்டு பேர். எல்லோரும் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு முழம் தள்ளியே உட்கார்ந்திருந்தார்கள்.

"கிட்ட வாங்க, கடிக்காது" என்றாள் பிரமிளா. "நானும் போன மாசம்தான் கத்துக்கினேன்."