கதவில்லாத கிச்சனுக்குப் பூட்டு

பெற்ற பிள்ளைக்கு நான் சோறு போடுவதில்லை என்று போன வருட ரமளானில் என் மேல் அரசாங்கத்திடம் புகார் போனது. சலாம் சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டும், சகோதரிகளே. உங்கள் எல்லோர் மீதும் அமைதி உண்டாகட்டும். எனக்கு அது கிடைக்க ரொம்ப நாள் ஆனது. அதனால்தான் புகார் முந்திக்கொண்டது.

நாங்கள் வெஸ்ட் வின்ட்சரில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் இம்தியாஸ் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயில் ஏறி நியூயார்க்கில் ஒரு வங்கிக்கு வேலைக்குப் போகிறார். ஒரே மகள் சுமையா. அப்போது எட்டு வயது.

பிள்ளையின் முதல் நோன்பு என்றால் எங்கள் பக்கம் சின்னக் கல்யாணம்தான், உங்களுக்குத் தெரியாததா. புது உடுப்பு, தலை நிறையப் பூ, சொந்தக்காரர்கள் எல்லாம் வந்து நோன்பு திறப்பார்கள். என் முதல் நோன்பு போட்டோவைப் பார்த்துவிட்டு, தானும் பிடிக்க வேண்டும் என்று சுமையா ஒரே பிடிவாதம். சனிக்கிழமை முழு நோன்பு வைத்துக்கொள்ளலாம் என்று பச்சை நிறத்தில் பாவாடை வாங்கி வைத்தேன். அதுவரை அவளால் பொறுக்க முடியவில்லை. சரி, பிள்ளைகளைச் சமாளிக்க நம் வீடுகளில் அரை நோன்பு என்று ஒன்று வைத்திருக்கிறோமே, அதைச் சொன்னேன். "விடியறதுக்கு முன்னாடி சஹருக்கு எழுந்து சாப்பிடு. ஸ்கூல்ல லஞ்ச் டைம்ல நோன்பு திறந்துரு. அதுதான் அரை நோன்பு." தலையை ஆட்டினாள். தேங்காய்ச் சோறும் அவித்த முட்டையும் டப்பாவில் வைத்து அனுப்பினேன்.

கள்ளி, டப்பாவைத் திறக்கவே இல்லை. அரையெல்லாம் அவளுக்கு வேண்டாமாம், முழுசாகப் பிடித்து எனக்கு சர்ப்ரைஸ் கொடுக்கப் போகிறாளாம். மத்தியானம் விளையாட்டு வகுப்பில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாள். பள்ளிக்கூட நர்ஸ் ஜூஸ் கொடுத்திருக்கிறார். இவள் வாயை மூடிக்கொண்டு, "ஐ ஆம் நாட் அலவ்டு" என்று அழுதிருக்கிறாள். அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது.

பள்ளிக்கூடம் அரசாங்கத்துக்குப் போன் செய்தது அவர்கள் சட்டம். அதை நான் குறை சொல்லவில்லை. மயங்கின பிள்ளையைப் பற்றிக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் அதே வகுப்பில் ஒரு பெண் ஜிம்னாஸ்டிக்ஸுக்காகச் சாலட் இலையைக் கொறித்துவிட்டு எழுந்து போகிறாள். அதற்குப் பெயர் டிசிப்ளின். என் பிள்ளை செய்தால் கொடுமை. இந்த வயிற்றெரிச்சலை நான் யாரிடம் சொல்ல?

குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து ஒரு பெண்மணி வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். ஃபிரிட்ஜைத் திறந்தார். அலமாரிகளை ஒவ்வொன்றாகத் திறந்தார். சுமையாவை அறைக்குள் கூட்டிப் போய்த் தனியாகப் பேசினார், கை காலில் காயம் இருக்கிறதா என்று பார்த்தார். நான் வெளியே நின்றேன். என் வீட்டில், என் மகள் இருக்கும் அறைக்கு வெளியே, உள்ளே வரலாமா என்று கேட்கக்கூடத் தைரியமில்லாமல் நின்றேன்.

பிறகு என்னைக் கேட்டார். உங்கள் வீட்டில் பெண் பிள்ளைகளுக்கு மட்டும்தான் சாப்பாட்டில் கட்டுப்பாடா? வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு அனுமதி உண்டா? பதில் சொல்லச் சொல்ல அவர் கண் என் முக்காட்டிலேயே இருந்தது. கடைசியாக, "பகலில் நீங்கள் கிச்சனைப் பூட்டி வைப்பதாகத் தெரிகிறதே, உண்மையா?" என்றார்.

இதைக் கேட்டபோது அவர் நின்றுகொண்டிருந்ததே கிச்சனில்தான். இந்த ஊர் வீட்டுக் கிச்சனுக்குச் சுவரே பாதிதான், கதவு ஏது, பூட்ட? ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பூட்டைப் பற்றி நான் ஒருத்தியிடம்தான் சொல்லியிருந்தேன்.

வித்யா. மூன்று வீடு தள்ளி இருப்பவள், சென்னைக்காரி. எங்கள் பெருநாள் பிரியாணி அவள் வீட்டுக்குப் போகாமல் இருந்ததில்லை. அவள் வீட்டு தீபாவளி முறுக்கு எங்கள் வீட்டுக்கு வராமல் இருந்ததில்லை. பஸ் ஸ்டாப்பில் பிள்ளைகளை ஏற்றிவிட்டு நிற்கும்போது, "ரமளான் வந்தா எங்க வீட்டு கிச்சனுக்குப் பகல்ல பூட்டுதான்டி, எனக்கும் ரெஸ்ட்" என்று கிண்டலாகச் சொன்னேன். அவளும் சிரித்தாள்.

மறுநாள் அதே இடத்தில் கேட்டேன். "கிச்சன் பூட்டு மேட்டர் நீதானே சொன்ன?"

"வந்து விசாரிச்சாங்க ரெஹானா. நீ ஜோக்கா சொன்னதுன்னு சொன்னேன்னுதான் நினைக்கிறேன்... பயத்துல என்ன பேசினேன்னே ஞாபகம் இல்லடி. எங்க கிரீன் கார்டு வேற பெண்டிங்."

"உனக்கு என்னடி பயம்? உன் பிள்ளையையா தூக்கிட்டுப் போகப் போறாங்க?"

அவள் அழுதாள். அழட்டும் என்று வந்துவிட்டேன்.

இம்தியாஸ் அந்த வாரம் நோன்பு திறந்தும் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு நாள் மெதுவாக ஆரம்பித்தார். "அவங்க மறுபடி வர்ற அன்னைக்கு மட்டும் ஸ்கார்ஃப் இல்லாம இரேன்."

"ஸ்கார்ஃப கழட்டினா நம்ம அரிசி மூட்டை பெருசா தெரியுமா மச்சான்?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பயந்த மனுஷனை மேலும் குத்திவிட்டேன் என்று தெரிந்தது. ஆனாலும் கழற்றவில்லை.

பிள்ளையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற நினைப்பு வந்துவிட்டால், சகோதரிகளே, நிற்கிற தரை நிற்காது. அன்று சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு, நெற்றி தரையில் பட ஸஜ்தாவில் விழுந்தேன். அரபியில் ஓத எதுவும் வாயில் வரவில்லை. தமிழில்தான் அழுதேன். "யா அல்லாஹ், என் பிள்ளையை என்கிட்டயே விட்டுரு. வேற எதுவும் வேணாம்." இதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். தொழுகிற முசல்லா விரிப்பு நனைந்துபோயிற்று. வித்யாவை நீ பார்த்துக்கொள் என்றும் ஒரு தடவை சொன்னேன், பொய் சொல்லக்கூடாது.

அல்லாஹ் எப்படிப் பதில் தந்தான் தெரியுமா? நான் வக்கீலை எதிர்பார்த்தேன். மஸ்ஜிதிலிருந்து பெரியவர்கள் யாராவது வந்து பேசுவார்கள் என்று எதிர்பார்த்தேன். அவன் அனுப்பியது சுமையாவின் கத்தலை.

அந்த வாரக் கடைசியில், நோன்பு திறக்கக் கொஞ்ச நேரம் இருந்தது. எனக்கு நாக்கு வறண்டு தலை வலித்தது. சுமையாவுக்கு மீன் குழம்பு ஊற்றிப் பிசைந்த சோற்றோடு அவளைச் சோபாவைச் சுற்றித் துரத்திக்கொண்டிருந்தேன். எட்டு வயதுப் பிள்ளைக்கு இன்னும் ஊட்டிவிடுகிறேன் என்று என் மாமியார்கூடப் போனில் திட்டுவார். காலிங் பெல் அடித்தது. தட்டும் கையுமாகவே கதவைத் திறந்தேன். அதே பெண்மணி, சொல்லாமல் வந்திருந்தார். பின்னாலிருந்து சுமையா அவரைக் கவனிக்காமல் கத்தினாள்:

"உம்மா, ஐ ஆம் ஃபுல்! பிளீஸ் ஸ்டாப் ஃபீடிங் மீ!"

அந்த அம்மா என் கையைப் பார்த்தார். சோறு ஒட்டின விரல்களை, வெடித்த உதட்டைப் பார்த்தார். "தினமும் இப்படித்தானா?" என்று சுமையாவிடம் கேட்டார். "எவ்ரி சிங்கிள் டே!" என்று அவள் என்னைக் காட்டிக்கொடுத்தாள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீங்கள் சாப்பிட்டீர்களா?" என்று என்னைக் கேட்டார். இல்லை, சூரியன் மறையட்டும் என்றேன். போகும்போது, கவலைப்படாதீர்கள் என்றார். அடுத்த வாரம் போன் வந்தது. புகாருக்கு ஆதாரம் இல்லை, முடித்துவிட்டார்கள். இம்தியாஸ் போனை வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து அழுதார். அல்ஹம்துலில்லாஹ்.

யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. பெருநாளைக்கு வித்யா வீட்டுக்குப் பிரியாணி கொடுத்தனுப்பினேன். பாத்திரத்தைக் கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள். எங்களுக்குள் இப்போது அவ்வளவுதான்.

நான் இப்போது யாரிடமும் நோன்பைப் பற்றிக் கிண்டல் பேசுவதில்லை. தொழுகை விட்டுப்போவதில்லை. கைவிட்டுப் போக இருந்த பிள்ளையை அவன் திருப்பித் தந்தான், அந்த நன்றி என் உடம்பில் உயிர் இருக்கும்வரை இருக்கும்.

ஆனால் சுமையா தினமும் லஞ்ச் முடிந்ததும் காலி டப்பாவை டீச்சரிடம் தூக்கிக் காட்டுகிறாளாம். யாரும் கேட்காமலேயே. இந்த ரமளானுக்கு, "நீயும் பிடிக்கிறியாம்மா? சும்மா ஒரு சனிக்கிழமை?" என்று கேட்டேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துவிட்டு, யாராவது கேட்டுவிடப் போகிறார்கள் என்பது போலச் சின்னக் குரலில், "நோ, உம்மா. தே வில் டேக் மீ" என்றாள். பச்சைப் பாவாடை விலைச்சீட்டோடு அப்படியே தொங்குகிறது. அவளுக்கு இனி அது சேராது.

துஆ கேளுங்கள், சகோதரிகளே. அவன் கேட்டதைக் கொடுப்பவன், அதற்கு நான் சாட்சி. ஆனால் கேட்கும்போது முழுசாகக் கேளுங்கள். என் பிள்ளையை என்னிடம் விட்டுவிடு என்று கேட்டேன், விட்டுவிட்டான். அவள் நோன்பை அவளிடம் விட்டுவிடு என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

இப்போது அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நீங்களும் ஒரு ஆமீன் சொல்லுங்கள்.