‘லா’வுக்கு மணி உண்டா?

தொலைக்காட்சியில் முகம் காட்டுகிறவரை ஊர் கொண்டாடும். அவர் பேச்சின் நடுவே மணி தட்டுகிறவனுக்குப் பேருந்தில் நகர்ந்து இடம்கூடக் கொடுக்காது. பள்ளியிலோ சங்கத்திலோ ஒருமுறையாவது நடுவராக உட்கார்ந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அறுபதுகளின் நடுவில், சிங்கப்பூருக்குத் தொலைக்காட்சி வந்த புதிதில், பிரபலங்கள் அணி பிரிந்து மோதும் தமிழ்ப் போட்டி ஒன்று வாராவாரம் நேரடியாக ஒளிபரப்பானது. கடைசிச் சுற்று ஒரு நிமிடப் பேச்சு. வேற்றுமொழிச் சொல் வந்தால் நான் மணி தட்டுவேன். அணிக்கு ஒரு புள்ளி குறையும். என்னைப் பதின்மூன்று வாரத்துக்குத்தான் எடுத்திருந்தார்கள். வேலை நிரந்தரமானால்தான் பெண் என்று கேலாங்கில் ஒரு வீட்டில் சொல்லிவிட்டார்கள். பெண்ணின் அப்பா சமூக மன்றத்துத் தொலைக்காட்சியில் என்னை வாரம் தவறாமல் பார்த்து வந்தார்.

முதல் மணி

தொகுப்பாளர் வேலாயுதம் மேடை நாடகக்காரர். முதல் வாரம் புது வேட்டி சரசரக்க வந்து நின்று விதிகளைச் சொன்னார்: “ரூல்ஸ் ரொம்ப ஸ்ட்ரிக்ட். ஒரு இங்கிலீஷ் வார்த்தை வந்தாலும் பெல் அடிச்சிடுவார்.”

நான் நான்கு முறை தட்டினேன். வேண்டுமென்று இல்லை. காலையிலிருந்து ஒத்திகை பார்த்த கை, காது சொன்னதைச் செய்துவிட்டது. அவர் சிரித்த முகம் மாறாமல் என் பக்கம் குனிந்தார். ஒலிவாங்கி கழுத்தில் தொங்குவதை மறந்துவிட்டார். ஊரே கேட்டது: “தம்பி, நான் இன்னும் ஆட்டத்தையே ஆரம்பிக்கல.”

தேக்காவில் மீன்

வானொலி நாடகங்களில் கொடுமைக்கார மாமியாராக வருகிற ராஜாமணி அக்கா, நேரில் எறும்புக்கும் வழிவிட்டு நடப்பவர். அவருக்கு வந்த தலைப்பு மீன்கறி. புளி கரைத்து, மிளகாய் அரைத்து, ஒரு பிசகில்லாமல் ஐம்பது வினாடி ஓட்டினார். “மீனை மட்டும் தேக்கா பசார்ல நானே பார்த்து...” என்றபோது தட்டினேன்.

“பசார் தமிழ் இல்லையா? பொறந்ததிலேர்ந்து அப்படித்தானே சொல்றோம்!”

“மலாய், அக்கா.”

இடுப்பில் கையை ஊன்றினார். பிறகு அந்த வானொலிக் குரலை எடுத்தார்: “என் வீட்டுக்கு வந்த மருமக ஒருத்திகூட என்னை இப்படி வாயடைச்சதில்லைடா.” அரங்கம் கைதட்டியது. அவர் அணிக்கு ஒரு புள்ளி குறைந்தது. ஊர் முழுக்க அவர் பக்கம் சேர்ந்தது.

மறுநாள் காலை தேக்காச் சந்தைக்கு மீன் வாங்கப் போனேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தராசைத் துணியால் மூடினார். “இது பசாருங்க. நீங்க எங்கயாவது தமிழ்ல போய் வாங்கிக்குங்க.”

பேசாத கோல்காப்பாளர்

காற்பந்து வீரர்கள் அணியில் நெடுநெடுவென்று ஒருவர், பெயர் அந்தோணி. தலைப்பு ‘நான் தடுத்த பந்து’. எழுந்து நின்றார். கோல், பெனால்ட்டி, ரெஃப்ரி என்று மனசுக்குள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக் கீழே வைப்பது முகத்தில் தெரிந்தது. கடைசியில் வாயே திறக்கவில்லை. கால்களை அகட்டிக் குனிந்தார். பக்கவாட்டில் பாய்ந்து, காகித ரோஜாச் சாடியோடு தரையில் விழுந்தார். நிமிடம் முடிந்தது.

நான் தட்ட ஒன்றுமில்லை. எதிரணி எழுந்து சண்டைக்கு வந்தது. அந்தோணி முழங்கையைத் தேய்த்துக்கொண்டு சொன்னார்: “தப்பில்லாமப் பேசச் சொன்னீங்க. பேசாம இருந்தா தப்பே வராதுல்ல, அண்ணே?”

கடைசி மணி

பதின்மூன்றாம் வாரம் நிலையத்தின் தமிழ்ப் பகுதித் தலைவர் முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார். தயாரிப்பாளர் சவரிமுத்து என்னைத் தனியே அழைத்தார். “அவர் பார்த்துட்டுப் போய்த்தான் உன் ஃபைல்ல எழுதுவார். கடைசியாப் பேசப்போற சொற்பொழிவாளர் அவரோட பள்ளிக்கூடத் தோழர். புரியுதா?”

புரிந்தது. சொற்பொழிவாளர் எந்த வாரமும் என்னிடம் மணி வாங்காதவர், அது ஓர் ஆறுதல். இரண்டு அணியும் சமப் புள்ளி. தலைப்பு மழை. கருமேகத்தில் தொடங்கி, கடலில் மழை விழும் ஓசைவரை அவர் பேசப் பேச, மணிமேல் இருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். இரண்டு வினாடி மிச்சம். முகத்தைத் துடைத்தபடி நண்பரைப் பார்த்துச் சிரித்தார்.

“அவ்வளவுதான் லா.”

சிங்கப்பூரில் யார் பேசினாலும் வாக்கியத்தின் வாலில் வந்து ஒட்டிக்கொள்ளும் அதே ‘லா’. அரங்கம் என்னைப் பார்த்தது. கட்டுப்பாட்டு அறைக் கண்ணாடிக்குப் பின்னால் சவரிமுத்து வேண்டாமென்று இரண்டு கைகளையும் ஆட்டினார். கேலாங் சமூக மன்றத்தில் ஒருவர் நாற்காலியில் முன்னால் சாய்ந்திருப்பார் என்று நினைத்தேன். கூடவே ராஜாமணி அக்காவின் ‘பசார்’ நினைவுக்கு வந்தது. அவருக்குத் தட்டிய கை இவருக்கு எப்படி மடியில் கிடக்கும்?

தட்டினேன்.

ஒளிபரப்பு முடிந்ததும் தலைவர் நேரே என்னிடம் வந்தார். “லா எந்த மொழி?”

“தெரியல சார். தமிழ் இல்லன்னு மட்டும் தெரியும்.”

தோற்றுப்போன நண்பரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என் தோளில் கை வைத்தார்.

“நீ சரியாத்தான் அடிச்சே லா.”

பதின்மூன்று வாரத்தில் நான் தெரிந்தே தட்டாமல் விட்டது அந்த ஒரு ‘லா’தான், அதைச் சொன்னால் தன் கழுத்தில் தாலி ஏறியதே அந்தப் பாரபட்சத்தில் நிரந்தரமான வேலையால்தான் என்று என் மனைவி இன்றும் சிரிக்கிறாள்.