கடைசியாக இருந்த இடம்

அரியரத்தினம் யாழ்ப்பாணக் கச்சேரி என்ற அரச அலுவலகத்தில் பதினேழு வருடம் காணிப் பதிவு பார்த்தவர். வேலி ஒரு முழம் தள்ளி நின்றாலும் கண்டுபிடித்துவிடுவார் என்று பெயர். மெல்பேர்ணில் அந்தப் பெயரை யார் மதித்தார்கள்? 1975இல் ஒரு தேவாலயத்தின் பழைய பதிவேட்டு அறையில் எழுத்தர் வேலை கிடைத்ததே பெரிய காரியம்.

நூற்று முப்பது வருடங்களுக்கு முன், தங்கள் முறைப்படி வழிபட அரசன் விடவில்லை என்று ஜெர்மன் தேசத்திலிருந்து ஒரு கூட்டம் இங்கே கப்பலேறி வந்தது. அவர்களுடைய வழிவந்தவர்கள் கடிதம் போடுவார்கள், எங்கள் ஆட்கள் அங்கே எந்த ஊர் என்று. தேடிச் சொல்வதுதான் வேலை. சைவக்காரனுக்கு வந்த உத்தியோகத்தைப் பார் என்று நண்பர்கள் பகிடி பண்ணினார்கள்.

நகருக்கு வெளியே டண்டினொங்கிலிருந்து எல்சா என்ற விதவை எழுதியிருந்தார். அவர் கணவர் தன் முன்னோரின் ஊரை நாற்பது வருடம் தேடி, தெரியாமலே செத்துப்போனார். கல்லறையிலாவது ஊர்ப் பெயரைப் பொறிக்க வேண்டுமாம். கப்பல் பட்டியலில் அந்தக் குடும்பத்துக்கு நேரே ‘கடைசியாக இருந்த இடம்: பேர்க்கன்’ என்றிருந்தது. அதுதான் ஊர் என்று அரியரத்தினம் இரண்டே நாளில் பதில் போட்டார். மனிதருக்குத் தலைகால் புரியாத பெருமை.

மூன்று மாதம் கழித்து, குடியுரிமைப் படிவம் நிரப்ப அவருடைய பழைய வருகைப் படிவத்தை மனைவி யோகராணி எடுத்துப் பார்த்தாள்.

“இஞ்சாருங்கோ, இதில கொழும்பு எண்டெல்லோ கிடக்கு?”

“கடைசியா இருந்த இடம் எண்டு கேட்டவங்கள். விசாவுக்குக் காத்து மூண்டு கிழமை அங்கதானே இருந்தனாங்கள்.”

“அப்ப எங்கட ஊர் கரணவாய் எங்க போனது? பிறகு ஆரும் தேடினால் எங்களைக் கொழும்பார் எண்டெல்லே நினைப்பினம்.”

கப்பல் பட்டியலிலும் அதே ‘கடைசியாக இருந்த இடம்’தானே என்று அவருக்கு உறைத்தது. மறுநாள் பட்டியலை முழுக்கப் பார்த்தார். முப்பத்தெட்டுக் குடும்பத்துக்கும் பேர்க்கன்தான். எல்லோரும் படகுக்குக் காத்துக் கிடந்த ஆற்றுத்துறை அது. அவர்கள் கொண்டுவந்த ஞானஸ்நானப் புத்தகத்தில் எல்சா கணவரின் குடும்பத்துக்கு உண்மையான ஊர் இருந்தது: லாங்வீஸ. அதை ஒரு கடதாசியில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சனிக்கிழமை ரயிலேறினார்.

எல்சா அவரை நேரே கல்லறைக்குக் கூட்டிப்போனார். பளபளக்கும் கருங்கல்லில், கணவர் பெயருக்குக் கீழே பேர்க்கன் என்று ஆழமாக வெட்டியிருந்தது. கிழவி அந்த எழுத்துகளை விரலால் தடவினார்.

“ஒவ்வொரு ஞாயிறும் அவருக்கு இதை வாசித்துக் காட்டுகிறேன். நீங்கள் செய்த உதவி” என்று ஆங்கிலத்தில் சொல்லி, அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அரியரத்தினத்தின் மற்றக் கை சட்டைப் பைவரை போய்த் திரும்பியது. சொல்லத்தானே இவ்வளவு தூரம் வந்தார்! தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிவிட்டார்.

“சொன்னீங்களோ?” என்று யோகராணி வாசலிலேயே கேட்டாள்.

“ஓம்.”

தோய்ப்பதற்குச் சட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள், சற்று நேரத்தில் திரும்பி வந்தாள். மடிப்புக் கலையாத கடதாசியை மேசையில் அவருக்கு முன்னால் வைத்துவிட்டு, குசினிக்குள் அடுப்பைப் பார்க்கப் போனாள்.