காசியம்மாள் சுருட்டிய படகுப் பாய்

இடது காலில் தெம்பில்லாதவளுக்குத் தையல் மிஷின் எதற்கு என்றார்கள். ஒற்றைக் காலால் மிதித்தே லாரிக்குத் தார்ப்பாய் தைத்தாள். பொம்பளைக்குத் தார்ப்பாய்க் கடையில் இடமில்லை என்றார்கள். ஆறு ஆண்கள் நடுவே பதினோரு வருஷம் உட்கார்ந்தாள். கடலையே பார்க்காதவள் படகுப் பாயைத் தொடக்கூடாது என்றார்கள், அதையும் தைத்தாள். அவள் என் தங்கை காசியம்மாள். ஊர் கீழ்பென்னாத்தூர். நான் மூத்தவள், தனம்.

ரமணாசிரமத்துப் பக்கம், செங்கம் ரோட்டில் குடியிருந்த ரெனே என்ற பிரெஞ்சுக்காரர் தன் வீட்டுத் தோட்டத்திலேயே இருபத்திரண்டு அடியில் ஒரு படகு கட்டினார். புதுச்சேரியில் படகுப் பட்டறை போட இருந்தவர். காசியின் தையலைப் பார்த்துவிட்டு முன்பாயை அவளிடம் கொடுத்தார். பாய் ஒழுங்காகச் சுருண்டு விரிந்தால் பட்டறையில் அவளுக்கு நிரந்தர வேலை. இல்லையென்றால் மெட்ராஸ் ஆட்களுக்கு. பாயை மாட்டிப் பார்த்த நாளுக்கு மறுநாள் காலை படகை ஏற்ற லாரி வருவதாக இருந்தது.

படகின் மூக்கிலிருந்து பாய்மர உச்சிக்கு ஒரு கம்பி போகும். அதைச் சுற்றி ஒரு குழாய். பாயின் ஓரம் அந்தக் குழாயில் கோத்திருக்கும். அடியில் ஓர் உருளை, அதில் கயிறு. கயிற்றை இழுத்தால் உருளையும் குழாயும் திரும்பி, பாய் தானே சுருண்டுகொள்ளும்.

உருளையில் கயிறு சுற்றியது நான். எங்கள் ஊரில் எதையும் வலமாகத்தான் சுற்றுவோம். நானும் அப்படியே சுற்றினேன். இழுத்தால் பாய் சுருண்டது; ஆனால் சுருண்ட பாய் வெயில் தாங்குவதற்காக ஓரத்தில் வைத்துத் தைத்த நீலத் துணி உள்ளே போய், வெள்ளைத் துணி வெளியே நின்றது.

வேடிக்கை பார்க்க வந்திருந்த தார்ப்பாய்க் கடை முதலாளி அப்பாதுரை சிரித்தார். "ஏம்மா காசி, குடைய உள்ள மடிச்சிக்கினு மழையில போறியா?"

"இடமா சுத்துக்கா," என்றாள் காசி.

"சாவுக்குத்தான்டி இடமா சுத்துவாங்க."

"சாமிய சுத்தும்போது வலமா போ. இது வெயிலுக்கு பயந்த துணி."

அவளே பிரித்து இடமாகச் சுற்றினாள். நீலம் வெளியே வந்தது. ஆனால் மூன்றாவது சுற்றில் பாய் சிக்கி நின்றது. அவிழ்த்து மறுபடி இழுத்தோம். அதே மூன்றாவது சுற்று. ஆடிக் காற்றில் பாதிப் பாய் படபடவென்று அடித்துக்கொண்டது.

"ஜாஸ்தி பலம் போட்டு இழுங்கப்பா!" என்றார் அப்பாதுரை.

"யாரும் கை வெக்காதீங்க. கயிறு அறுந்துடும்," என்றாள் காசி. அண்ணாந்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு ரெனேவிடம், "பாய கீழ எறக்குங்க," என்றாள்.

"சாயங்காலம் ஆயிடுச்சி, காசி. விட்டுடலாம்," என்றார் அவர்.

"எறக்குங்கய்யா."

பாயைத் தூக்கும் கயிற்றில் கம்பி அறுத்த தடம் முறுக்கு முறுக்காக இருந்தது. பாய் உயரம் கம்மி. அதனால் அதன் தலையில் மாட்டும் சுழலும் கொக்கி, மர உச்சிக்கு எட்டாமல் ஒன்றேகால் முழம் கீழேயே நின்றுவிட்டது. அந்த இடைவெளியில் தூக்குக் கயிறு கம்பியோடு ஒட்டிக் கிடந்து, பாய் திரும்பும்போது தானும் கம்பியைச் சுற்றிக்கொண்டது.

காசி ரோட்டுக்கு எதிரே இருந்த தையல் கடைக்கு நொண்டியபடியே போனாள். மிஷினில் ஒன்றேகால் முழத்துக்கு நாலு மடிப்பு நாடா தைத்தாள், ஓரத்துக்கு மூன்று ஓட்டுத் தையல். அதைப் பாயின் தலைக்கும் கொக்கிக்கும் நடுவில் கோத்தாள். இப்போது கொக்கி உச்சிவரை ஏறியது. தூக்குக் கயிறு கம்பியை விட்டு விலகி, மரத்தின் பக்கம் சாய்ந்து நின்றது.

அவளே இழுத்தாள். மூன்று, நாலு, ஒன்பது. கடைசி ஓரம்வரை பாய் சுருண்டது. அவிழ்த்தாள், விரிந்தது. பதினேழு முறை செய்து காட்டினாள். நான் எண்ணினேன்.

அப்பாதுரை தலையைச் சொறிந்தார். "நாளைக்கி என் கடைல யாரு தைப்பாங்க?"

"ஆறு பேரு இருக்காங்களே, முதலாளி."

ரெனே வேலைத் தாளையும் மை டப்பாவையும் எடுத்து வந்தார். காசி கட்டைவிரலை மடக்கிக்கொண்டு பேனாவைக் கேட்டாள். ரேஷன் கார்டில் இருந்த பெயரைப் பார்த்துப் பார்த்து, சாக்குக்கட்டியால் தார்ப்பாயில் எழுதிப் பழகியிருக்கிறாள். பக்கத்திலேயே இருந்த எனக்குத் தெரியவில்லை. ஆறு எழுத்தையும் பல்லைக் கடித்துக்கொண்டு, கோடு தாண்டாமல் எழுதி முடித்தாள்.

காசியம்மாள் முதன்முதலாகக் கையெழுத்துப் போட்ட நாள்: 11-8-1983, வியாழக்கிழமை.