கிடை போட்ட சபை நிலம்

முழங்காலளவு குழிக்குள் நின்று, சீமைக்கருவேல மரத்தின் அடிமுண்டைக் கோடரியால் துண்டித்துவிட்டு நிமிர்ந்த மேஸ்திரியின் முகம் இன்னும் நினைவிருக்கிறது. "முண்டுக்குக் கீழ வெட்டியாச்சு சார். இனிமே துளுக்காது" என்றார். நான் குனிந்து பார்த்தேன். குழியின் அடியில் கைப் பருமனுக்கு ஒரு வேர் மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. அதை ஏன் விட்டுவைக்கிறார் என்று அப்போதே எனக்கு உறுத்தியது.

திருத்தணியிலிருந்து ஆர்.கே.பேட்டை போகும் வழியில் இருந்த அந்த நிலம் எங்கள் திருச்சபைக்குச் சொந்தம், மேற்பார்வை என்னுடையது. அதற்கு முன்பு மரங்களைத் தரையோடு வெட்டிப் பார்த்தோம்; ஒன்று நாலாகத் துளிர்த்தது. அதனால்தான் இந்த முறை தோண்டி எடுத்துவிட்டு வேர்க்கடலை போடுவதென்று முடிவாகி, வேலை மேஸ்திரியிடம் வந்தது. வெட்டிய மரத்தைக் கரி சுட அவரே எடுத்துக்கொண்டார். மரம் மறுபடி முளைத்தால் லாபம் யாருக்கு? எனக்குப் பிறவியிலேயே சந்தேக புத்தி. ஒவ்வொரு குழியையும் மூடுவதற்கு முன் இறங்கிக் கையால் தடவிப் பார்ப்பேன். மேஸ்திரி சிரிப்பார். "துளுக்கற கண்ணு எல்லாம் முண்டுலதான் கீது சார். கீழ் வேரு தானா மக்கிப்பூடும்."

வேலை முடிந்த அன்று, "இந்த வருசம் கிடை மட்டும் போடாதீங்க சார். ஆடுங்க ஏரியில கருவேலங்காய தின்னுகினு வருதுங்க" என்றார். கடலை விதைப்பதற்கு முன், புழுக்கை எருவுக்காக நிலத்தில் ராத்திரி ஆட்டுக்கிடை மடக்காமல் எங்கள் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? தவிர, அவருடைய பாவா, அதாவது அக்கா வீட்டுக்காரர், மாட்டெரு விற்கிறவர். ஓகோ, இதுதான் விஷயமா என்று நினைத்துக்கொண்டேன். யாரையும் கேட்காமல் மறுவாரமே கிடைக்காரரை வரச் சொன்னேன்.

மழை பெய்ததும் நிலமெங்கும் கருவேலங்கன்றுகள். ஞாயிறு ஆராதனை முடிந்து கமிட்டி கூடியபோது, "வேர உள்ளேயே உட்டுட்டு ஏமாத்திட்டாருங்க" என்றேன். இனி சபை நிலம் எதிலும் அவருக்கு வேலை கிடையாது என்று முடிவு செய்தார்கள். அவர் குடும்பம் பிழைத்ததே அந்த வேலைகளை நம்பித்தான்.

செய்தி கேட்டு நிலத்துக்கு வந்தவர் சத்தம் போடவில்லை. ஒரு கன்றைப் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தார். நூல் போல ஒற்றை வேர். அதில் ஒட்டியபடி ஆட்டுப் புழுக்கை. பழைய குழிகளைக் கிளறிக் காட்டினார். வெட்டிய வேர் ஒன்றுகூடத் துளிர்க்கவில்லை. "இதுங்க விதையில வந்ததுங்க சார். நீங்களே கமிட்டில சொல்லுங்க." சொல்கிறேன் என்றேன்.

அடுத்த கூட்டத்தில் பலமுறை வாய் வரைக்கும் வந்தது. கிடை போட்டது யார் என்று கேட்பார்களே! பேசாமல் எழுந்து வந்துவிட்டேன். கன்றுகளை ஆள் விட்டுப் பிடுங்கினேன். கடலை நன்றாகவே விளைந்தது. என்னைப் பாராட்டினார்கள், அதை வாங்கிக்கொண்ட வெட்கம் இன்னும் போகவில்லை.

போன மாதம் கனகம்மாசத்திரம் பேருந்து நிறுத்தத்தில் அவரைப் பார்த்தேன். செங்கல் சூளையில் வேலையாம். ஆள் பாதியாகியிருந்தார். விலகிப் போய்விடலாமா என்று யோசிப்பதற்குள் அவரே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவங்க ஒத்துக்கலைன்னா நீங்க இன்னா பண்ணுவீங்க சார்? சொன்ன மாதிரியே எனக்காக அத்தினி பேர் முன்னால எழுந்து பேசனீங்களே, அது போதுங்க."

கேலி செய்கிறாரோ என்று அவர் முகத்தைக் கூர்ந்து பார்த்தேன். கேலி இல்லை.

"ஆங்" என்று தலையாட்டினேன்.